ம் கொட்டுகிறவர்

காலை ஆறேகாலுக்கு நர்ஸ் அவருடைய இடது தொடையில் பேனாவால் அம்புக்குறி போட்டாள். மை நிற்கவில்லை.

பழைய தழும்பு இடுப்புக்குக் கீழே தொடங்கி, தொடையின் வெளிப்பக்கமாக நீளமாக இறங்கியது. வருடக்கணக்கில் வெளுத்து வழவழப்பாகி, அது தோலைப் போலவே இல்லை. நர்ஸ் அதன் மேல் பேனாவை அழுத்தி இழுத்தாள். கறுப்புக் கோடு சற்று நேரம் இருந்தது. பிறகு ஓரங்களிலிருந்து சுருங்கி, மணலில் தண்ணீர் இறங்குவது போல இறங்கிப் போனது.

"உங்க தோலு மை குடிக்குது சார்," என்றாள். மறுபடி போட்டாள். இந்த முறை தழும்பை விட்டு விலகி. அது நின்றது. "தப்பான காலை அறுத்துடக் கூடாதுல்ல. அதுக்குத்தான் இந்த அம்பு."

"ம்."

கட்டிலின் அந்தப் பக்கம் ஸ்டூலில் உட்கார்ந்திருந்த அவர் மனைவி சிரித்தாள். "அவர்கிட்ட எதைச் சொன்னாலும் அதான் பதில். ரெண்டு காலும் உங்களுக்கு வேண்டாம், நாங்களே வச்சுக்கறோம்னு சொல்லிப் பாருங்க. அதுக்கும் ம்தான்."

"எங்க வீட்டுக்காரர் ம் கூடச் சொல்ல மாட்டார்மா."

"மாத்திக்கலாமா?"

"ஐயோ, இவருக்கு இப்ப கால் வேற ரிப்பேர். நான் வரல இந்த விளையாட்டுக்கு."

இருவரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். தொடையில் மை இறங்கிய இடம் மட்டும் சற்றுக் குளிர்ந்து கிடந்தது.

எடைக்கருவிகளைச் சோதித்து முத்திரை போடும் அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் அவர். கடைக்காரர்கள் சொல்லும் சாக்குகளை எல்லாம் ம், ம் என்று பொறுமையாகக் கேட்பார். கேட்டு முடித்துவிட்டுத் தராசைப் பறிமுதல் செய்வார். அலுவலகத்தில் அவருக்கு 'ம் சார்' என்று பெயர். வெளியூரில் இருக்கும் மகள் தொலைபேசியில் பேசும்போது நடுநடுவே நிறுத்தி, "அப்பா, லைன்ல இருக்கீங்களா?" என்பாள். ம் என்பார்.

ஒரு வருடமாக இடது இடுப்பு மூட்டு தேய்ந்து போயிருந்தது. கட்டிலிலிருந்து கழிப்பறை வரை போக மனைவியின் தோள் வேண்டும். ஒரு நாள் ஈரத் தரையில் இருவரும் சேர்ந்து விழுந்தார்கள். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. அவளுக்கு மணிக்கட்டு முறிந்தது. மறுநாள் காலை, கட்டுப் போட்ட கையோடு வந்து, தோளை அவர் கைக்குக் கீழே கொடுத்தாள். அன்றுதான் அவர் அறுவைக்குச் சம்மதித்தார். தானே எழுந்து, தானே கழிப்பறைக்குப் போய், கதவைச் சாத்திக்கொள்ள வேண்டும். வேறு எதுவும் அவருக்கு வேண்டாம்.

ஆனால் தொடையில் பழைய இரும்பு இருந்தது. வேலையில் இருந்த காலத்தில் வேன் கவிழ்ந்து தொடை எலும்பு நொறுங்கியபோது வைத்த பிளேட்டும் ஸ்க்ரூக்களும். எலும்பு மருத்துவர் எக்ஸ்ரேயை வெளிச்சப் பலகையில் மாட்டிக் காட்டினார்.

"புது மூட்டோட தண்டு இந்த எலும்புக்குள்ள இறங்கணும். பழைய ஸ்க்ரூ எல்லாம் குறுக்க நிக்குது. அதை எடுத்தாத்தான் இது போகும். எடுத்த ஓட்டையெல்லாம் எலும்புல பலவீனமா இருக்கும். அதனால நீளத் தண்டா போட்டு, கடைசி ஓட்டையையும் தாண்டி இறக்குவோம்."

"ம்."

"இங்க பாருங்க. பிளேட்டுக்கு அடியில எலும்பு எவ்வளவு மெலிஞ்சிருக்கு. பாரத்தையெல்லாம் இரும்பு தாங்கிக்கிச்சு. எலும்புக்கு வேலை இல்ல. வேலை இல்லாத எலும்பு தேஞ்சு போகும்."

அவர் பார்த்தார். வெள்ளை பிளேட்டுக்கும் சாம்பல் எலும்புக்கும் நடுவே, எலும்பில் ஒரு நீளமான பள்ளம் இருந்தது. யாரோ நெடுநாள் ஒருக்களித்துப் படுத்திருந்த மெத்தையில் விழும் குழி போல. அது என்ன என்று கேட்க நினைத்தார். மருத்துவர் படத்தைக் கழற்றிவிட்டார்.

நுரையீரல் சரியில்லாததால் முழு மயக்கம் தர முடியாது என்றார்கள். முதுகில் ஊசி. இடுப்புக்குக் கீழே மரத்துப்போகும். விழித்தே இருப்பார்.

ஆபரேஷன் தியேட்டர் குளிர்ந்து கிடந்தது. மேஜை விளிம்பில் கால்களைத் தொங்கப்போட்டு உட்கார வைத்து, குனியச் சொல்லி, முதுகில் ஊசி ஏற்றினார்கள். கதகதப்பு ஒன்று இரண்டு பாதங்களிலும் பிறந்து, வெந்நீர் ஏறுவது போல முழங்கால், தொடை என்று ஏறி, ஏறிய இடமெல்லாம் இல்லாமல் செய்துகொண்டே வந்தது. வலது பக்கமாகச் சாய்த்துப் படுக்க வைத்தார்கள். நெஞ்சுக்குக் கீழே ஒரு பச்சைத் துணியைத் திரை போலக் கட்டினார்கள். அதற்குப் பிறகு அவருக்கு மிஞ்சியது வெள்ளை ஓடு பதித்த சுவரும், தலைமாட்டில் ஸ்டூலில் உட்கார்ந்த மயக்க மருத்துவரும்தான். மகள் வயதுப் பெண். ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சைத் தோளில் வைத்தாள்.

"குளிருதா?"

"ம்."

விலாவில் வைத்தாள். ம். வயிற்றில் வைத்தாள். அவர் காத்திருந்தார். எதுவும் வரவில்லை.

"இல்ல."

"நல்லது. இனிமே இடுப்புக்குக் கீழ வாடகைக்கு விட்டாச்சு சார். சாயங்காலம் காலி பண்ணிக் குடுத்துருவாங்க." அவள் கண்கள் முகமூடிக்கு மேல் சிரித்தன. "தூங்கிடாதீங்க. நான் அப்பப்பக் கேப்பேன். ம்னு சொன்னாப் போதும்."

வாழ்க்கையில் முதல் தடவையாகத் தனக்குத் தெரிந்த வேலையைக் கொடுத்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டார்.

திரைக்கு அந்தப் பக்கம் சத்தங்கள் தொடங்கின. உறிஞ்சும் குழாயின் கொரகொரப்பு. உலோகம் உலோகத்தைத் தொடுவது. முடி கருகுவது போன்ற வாடை துணிக்கு மேலாக வந்து மூக்கில் தங்கியது. அது தன் சதையின் வாடை என்று தெரிந்தும் அவருக்கு அருவருப்பு வரவில்லை. எதுவுமே வரவில்லை. அடுத்த வீட்டில் தச்சு வேலை நடப்பதைக் கேட்பது போலக் கேட்டுக்கொண்டிருந்தார். அவரைத் தொந்தரவு செய்தது வேறு ஒன்று.

"என் கால் மடங்கியிருக்கு," என்றார்.

மயக்க மருத்துவர் எழுந்து திரைக்கு மேலே எட்டிப் பார்த்தாள். "இல்ல சார். நேராத்தான் வச்சிருக்காங்க. மரத்துப்போறதுக்கு முன்னாடி கால் எப்படி இருந்துச்சோ, அப்படியே இருக்கற மாதிரி மூளை நினைச்சுக்கும். எல்லாருக்கும் அப்படித்தான்."

ம் என்றார். ஆனால் மரத்துப்போவதற்கு முன் கால்கள் மேஜையிலிருந்து தொங்கிக்கொண்டிருந்தன. இப்போது இடது முழங்கால் மார்பை நோக்கி ஏறியிருந்தது. குதிகால் வெளிப்பக்கம் திரும்பியிருந்தது. தொடை மேல் பாரம். இந்த மடிப்பு அவருக்குத் தெரியும்.

அன்று அலுவலக வேன் பள்ளத்தில் சாய்ந்து கிடந்தது. பின்னால் வைத்திருந்த இரும்பு எடைக்கற்கள் சரிந்து வந்து அவர் தொடை மேல் இறங்கியிருந்தன. அன்றும் வலது பக்கம் சாய்ந்துதான் கிடந்தார். முகத்துக்கு முன்னால் தார்ப்பாய் தொங்கியது. மழை அதன் மேல் விழுந்துகொண்டிருந்தது. பெட்ரோல் வாடை. ஈர மண் வாடை. தார்ப்பாய்க்கு அந்தப் பக்கம் ஒருவர் பேசிக்கொண்டிருந்தார். மெதுவாக, மரியாதையாக, பேருந்தில் நின்று வருகிறவர் உட்கார்ந்திருப்பவரிடம் கேட்பது போல. கொஞ்சம் தள்ளிக்கிறீங்களா. இடம் இருக்கா. கால் மட்டும் வச்சுக்கறேன். அவர் ம் என்றார். எல்லாவற்றுக்கும் ம். ஆட்கள் வந்து தூக்கும் வரை.

பேசியது ஓட்டுநர் என்றே நினைத்திருந்தார். பிறகு ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டிலிலிருந்து ஓட்டுநர் சொன்னார்: "நான் அப்பவே கதவோட சேர்ந்து வெளிய போய் விழுந்துட்டேன் சார். ஆஸ்பத்திரியிலதான் கண்ணே முழிச்சேன். வண்டிக்குள்ள நீங்க மட்டுந்தான் இருந்தீங்களாம்." வலியில் ஏதேதோ கேட்கும் என்று எல்லோரும் சொன்னார்கள். அதற்கும் அவர் ம் என்றார்.

"ஸ்க்ரூ தலை தேஞ்சு போச்சு. வேற ஸ்க்ரூ டிரைவர் குடுங்க," என்றார் எலும்பு மருத்துவர் திரைக்கு அப்பாலிருந்து.

துருப்பிடித்த கீல் முனகுவது போல ஒரு சத்தம். நின்றது. மறுபடி முனகியது. இரும்புக் கிண்ணத்தில் ஏதோ விழுந்து உருண்டது. பிறகு அடுத்தது. எலும்பு பிளேட்டின் மேல் வளர்ந்து மூடியிருக்கிறது என்று பேசிக்கொண்டார்கள். உளியால் செதுக்கினார்கள். ஒவ்வொரு அடிக்கும் சுவரின் ஓடுகள் அவர் கண்ணில் சற்றே அசைந்தன. அடி அவருக்குத் தெரியவில்லை. அசைவு மட்டும் வந்தது.

"முனையை நல்லாப் புடிச்சிருக்கியா?" எலும்பு மருத்துவர் உதவி மருத்துவரைக் கேட்டார்.

"ம்."

"லூசாகுதா?"

"ம்."

"என்னப்பா, பேஷண்ட் மாதிரியே ம் கொட்டுற?"

"நான் ஒண்ணும் சொல்லலையே சார்."

உறிஞ்சும் குழாய் மட்டும் ஓடியது.

"அப்ப யாரு சொன்னது?"

"நான் இல்ல," என்றாள் நர்ஸ்.

மயக்க மருத்துவர் குனிந்து அவர் முகத்தருகே வந்தாள். "நீங்களா சார்?"

அவர் வாயைத் திறக்கவே இல்லை. இல்லை என்று சொல்ல நினைத்தார். பழக்கம் முந்திக்கொண்டது.

"ம்."

திரைக்கு அப்பால் சிரித்தார்கள். "சரிதான். சாரும் நமக்கு அசிஸ்ட் பண்றார்," என்றார் எலும்பு மருத்துவர். "இவருக்கும் ஒரு ஜோடி கிளவுஸ் குடுங்க."

அவர் சிரிக்கவில்லை. அந்த ம் எங்கிருந்து வந்தது என்று அவருக்குத் தெரியும். திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து. ஆனால் நிற்கிறவர்களின் உயரத்திலிருந்து அல்ல. மேஜையின் உயரத்திலிருந்து.

கடைசி ஸ்க்ரூ விழுந்தது. பிளேட்டைக் கம்பியால் நெம்பினார்கள். ஆணி அடித்து மூடிய பெட்டியின் மூடி திறப்பது போல நீளமாக ஒரு சத்தம் வந்தது. பிறகு அமைதி. குழாயைக்கூட யாரோ நிறுத்தியிருந்தார்கள். கருகல் வாடைக்கு அடியில் ஈர மண் வாடை.

"வரட்டுமா?"

திரைக்கு மிக அருகே. மெதுவாக, மரியாதையாக. பார்க்க வந்தவர் நெடுநேரம் உட்கார்ந்திருந்துவிட்டு எழும்போது சொல்வது போல. மயக்க மருத்துவர் வேறு எங்கோ போகிறாள் போலிருக்கிறது, அதற்குத்தான் சொல்கிறாள் என்று நினைத்தார்.

"ம்," என்றார்.

"என்ன சார்?" மயக்க மருத்துவர் ஸ்டூலில்தான் இருந்தாள். "நான் இன்னும் ஒண்ணுமே கேக்கலையே."

கால் மடிந்திருந்த உணர்வு போய்விட்டிருந்தது. பாரமும் போய்விட்டிருந்தது. வரட்டுமா. போகிறவர்கள் சொல்லும் சொல். வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே எல்லோரும் சொல்வது. அது எதுவாக இருந்தாலும், இத்தனை வருடம் இருந்துவிட்டுச் சொல்லிக்கொண்டு போகிறது. அவருக்கு நிம்மதியாகக்கூட இருந்தது.

புதிய தண்டை எலும்புக்குள் இறக்கச் சுத்தியலால் அடித்தார்கள். வெற்று டப்பாவில் அடிப்பது போல ஒலித்த சத்தம், சீக்கிரமே கெட்டியாக மாறியது.

"இறங்க மாட்டேங்குதே," என்றார் எலும்பு மருத்துவர். "கீழ என்னமோ முட்டுது. எக்ஸ்ரேல ஒண்ணும் இல்லையே."

இன்னொரு அடி. இன்னொன்று. பிறகு, அடிக்காமலே, வழுக்கிக்கொண்டு இறங்கும் ஒலி.

"சார், தானா இறங்கிடுச்சு," என்றார் உதவி மருத்துவர்.

"பாத்தேன்," என்றார் எலும்பு மருத்துவர். அதற்குப் பிறகு யாரும் வேடிக்கை பேசவில்லை.

ஆபரேஷன் முடிந்தவர்களை வைக்கும் அறையில் மதிய வெயில் ஜன்னல் திரையில் மஞ்சளாக நின்றது. பக்கத்துக் கட்டிலில் இருந்தவருக்கு உணர்ச்சி திரும்ப ஆரம்பித்து, அவர் பல்லைக் கடித்து முனகிக்கொண்டிருந்தார். அந்த முனகலைக் கேட்க இவருக்குப் பொறாமையாக இருந்தது.

"கால் விரலை அசைங்க பாப்போம்," என்றாள் அந்த அறை நர்ஸ்.

முயன்றார். அசைக்க எதுவும் இல்லை. இடுப்போடு அவர் முடிந்துபோயிருந்தார்.

"சூப்பர். நல்லா அசைக்கிறீங்களே."

அவர் தலையைத் தூக்கிப் பார்த்தார். போர்வைக்கு வெளியே இடது பாதம் இருந்தது. கட்டைவிரல் மடிந்து நிமிர்ந்தது. பிறகு அடுத்த விரல். பிறகு அதற்கு அடுத்தது. அவசரமே இல்லை. குடிவந்த வீட்டில் ஒவ்வொரு சுவிட்சாகப் போட்டுப் பார்ப்பது போல.

"நான் அசைக்கல," என்றார். "எனக்கு ஒண்ணும் தெரியல."

"ஊசி இன்னும் போகல சார். அசைவு முன்னாடி வந்துரும். உணர்ச்சி பின்னாலயே வரும்."

சாயங்காலமும் உணர்ச்சி வரவில்லை. மறுநாள் காலை எலும்பு மருத்துவர் பஞ்சோடு வந்தார். தொடையில் வைத்தார். முழங்காலில் வைத்தார். பாதத்தில் வைத்தார்.

"குளிருதா?"

'இல்ல' என்ற சொல்லை அவர் கவனமாகத் தயார் செய்துகொண்டார். வாயைத் திறந்தார்.

"ம்."

அந்த ஒலி தொண்டையில் பிறக்கவில்லை. அடிவயிற்றில், அவருக்குத் தெரியாத இடத்தில் பிறந்து, குழாயில் தண்ணீர் ஏறுவது போல ஏறி வந்தது. மூக்கு வழியே வெளியேறியபோதுதான் அவருக்கே தெரிந்தது.

"நல்லது," என்றார் மருத்துவர். "எல்லா இடத்துலயும் உணர்ச்சி வந்துருச்சு."

"பேச்சுதான் வரல," என்றாள் மனைவி. "அது பொறந்ததுலேந்தே அப்படி."

பிசியோதெரபி செய்யும் பெண் வாக்கர் கொண்டுவந்தாள். முதல் நாள் எழுந்து நின்றாலே போதும் என்றாள். அவர் எழுந்து நின்றார். நடந்தார். வாசல் வரை என்று அவள் சொல்லியிருந்தாள். கால்கள் வாசலைத் தாண்டி, நடைக்கூடத்தில் போய், ஜன்னல் அருகே நின்றன. அவர் நிற்கச் சொல்லவில்லை. போகச் சொல்லவும் இல்லை. ஜன்னலுக்கு வெளியே வெறும் வாகன நிறுத்துமிடம். அங்கே அப்படியே நின்றார், வண்டிகளைப் பார்த்துக்கொண்டு.

"சார் போட்டிக்குப் பேர் குடுத்திருக்காரா?" என்றாள் பிசியோதெரபிப் பெண். மனைவி கைதட்டினாள். அவளுக்குக் கண் கலங்கியிருந்தது.

அன்று மதியம் அவர் நகத்தால் உடம்பைக் கீறிப் பார்த்தார். தொப்புள் வரை ஒன்றும் இல்லை. அதற்கு மேலே தெரிந்தது. அடுத்த நாள் தொப்புளுக்கு மேலும் ஒன்றும் இல்லை. அதற்கு அடுத்த நாள் கடைசி விலா எலும்பு போயிருந்தது.

ஏறிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் அந்தச் சொல் திரும்ப வந்தது. வரட்டுமா. போகிறவர்கள் மட்டும் சொல்லும் சொல் இல்லை அது. வாசலில் நிற்கிறவர்களும் சொல்வார்கள். உள்ளே வருவதற்கு முன்னால்.

அவர் ம் என்று சொல்லியிருந்தார்.

"எனக்கு என் உடம்பு தெரியல," என்று மனைவியிடம் சொன்னார். அவருக்கு அது மிக நீளமான வாக்கியம்.

அவள் கட்டிலில் உட்கார்ந்து அவர் கையை எடுத்து வைத்துக்கொண்டாள். "ஒரு வருஷமா வலியோடயே இருந்துட்டீங்க. இப்ப வலி இல்லாதது ஏதோ காணாமப் போன மாதிரி இருக்கு. அவ்வளவுதான். பழகிடும்."

கை அவருக்குத் தெரிந்தது. அவள் உள்ளங்கையின் சூடு தெரிந்தது. அதைத்தான் விடாமல் பிடித்துக்கொண்டார்.

வீட்டுக்கு அனுப்பும் நாளில் மருத்துவரிடம் சொல்ல வேண்டியதைக் காலையிலிருந்தே மனதுக்குள் ஓட்டிப் பார்த்தார். இது என் கால் இல்லை. நடப்பது நான் இல்லை. உள்ளே வைத்ததை எடுத்துவிடுங்கள். மறுபடி நடக்க முடியாமல் போனாலும் பரவாயில்லை. மருத்துவர் வந்தார். அவர் மூச்சை இழுத்தார். மூச்சு எங்கே போனது என்று தெரியவில்லை.

"ரொம்ப நன்றி டாக்டர்," என்றது அவர் வாய். "புது ஆளா ஆயிட்டேன். உங்களையெல்லாம் மறக்க மாட்டேன்."

மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு சிரித்தாள். "இடுப்பைத்தானே மாத்தினீங்க டாக்டர்? வாயையும் சேர்த்து மாத்திட்டீங்களா?"

வீட்டில் அது பேசியது.

சாப்பாடு நன்றாக இருக்கிறது என்றது. ஜன்னலைத் திறந்து வை என்றது. மகள் தொலைபேசியில் அழைத்தபோது நெடுநேரம் பேசியது. "அப்பாவா இது?" என்று அவள் அந்தப் பக்கம் சிரித்துச் சிரித்துக் கேட்டாள். "அம்மா, நிஜமாவே அப்பாவா?" மனைவி தொலைபேசியை வாங்கி, "யாரோ என்னவோ, நல்லாப் பேசறார், இருந்துட்டுப் போகட்டும்," என்றாள்.

அவர் கேட்டுக்கொண்டிருந்தார். அவருடைய குரல் கீழே எங்கோ பேசிக்கொண்டிருந்தது. தோள்கள் போயிருந்தன. கைகள் போயிருந்தன. கண்ணாடி டம்ளரை எடுக்கும் விரல்களைப் பார்த்தார். டம்ளர் குளிர்ந்திருக்கிறதா சூடாக இருக்கிறதா என்று தெரியவில்லை. பயமும் போய்விட்டிருந்தது. பயத்துக்கு வயிறு வேண்டும், நெஞ்சு வேண்டும். இரண்டும் அவரிடம் இல்லை. தெரிந்துகொள்வது மட்டும் மிஞ்சியது.

வாக்கர் மூலையில் நின்றது. அது தேவைப்படவில்லை.

காலையில் எழுந்தது. தானே. கழிப்பறைக்குப் போனது. தானே. கதவைச் சாத்தியது.

ஒரு வருடமாக அவர் வேண்டியது.

உள்ளே எதுவும் செய்யவில்லை. சாத்திய கதவைப் பார்த்துத் திரும்பி நின்றது. நெற்றியைக் கதவின் பலகையில் வைத்தது. அசையாமல் நின்றது. கதவுக்கு அப்பால் அவள் பாத்திரம் கழுவினாள். தண்ணீர் விழுந்தது. ஏதோ பாட்டை முணுமுணுத்தாள். அவள் இந்தப் பக்கம் நடந்தால், நெற்றியும் மெல்ல இந்தப் பக்கம் நகர்ந்தது. அந்தப் பக்கம் நடந்தால், அந்தப் பக்கம்.

அவருக்கும் கேட்டது. அதே சத்தங்கள். அதே காதுகள்.

பிறகு தண்ணீரை ஊற்றிவிட்டு, கதவைத் திறந்து வந்தது.

மதியம் அவள் படுத்தாள். ஒரு வருடமாக அவள் பகலில் படுத்ததில்லை. அவர் எப்போது கூப்பிடுவாரோ என்று நாற்காலியிலேயே உட்கார்ந்து தலை சாய்ப்பாள். இன்று கட்டிலில், சுவரைப் பார்த்து ஒருக்களித்து, காலை நன்றாக நீட்டிப் படுத்தாள். முறிந்து கூடிய கை இடுப்பின் மேல் கிடந்தது. மின்விசிறி சுற்றியது. வெளியே யாரோ மோட்டார் சைக்கிளைக் கிளப்பினார்கள். அது தெருமுனை திரும்பித் தேய்ந்தது.

அவர் கூடத்தில் உட்கார்ந்திருந்தார். நாக்கு காலையிலேயே போய்விட்டது. இப்போது மூக்கு. அவள் தலையில் தேய்க்கும் எண்ணெயின் வாசனை வீட்டில் எங்கும் இருக்கும். தேடினார். இல்லை.

கண்கள் இருந்தன. காதுகள் இருந்தன.

அது எழுந்தது.

படுக்கையறைக்குள் போனது. சத்தமில்லாத நடை. இரண்டு காலும் சமமாக. இத்தனை அழகாக அவர் நடந்ததே இல்லை.

கட்டிலருகே நின்றது. பார்த்தது. அவரும் பார்த்தார். அவள் முதுகு. மூச்சில் ஏறி இறங்கும் தோள். நரைத்த முடி.

அது பின்னாலிருந்து குனிந்தது.

கை நீண்டது. அவருடைய கை. விரல்கள் அவள் கணுக்காலில் இறங்கின. பிறகு முழங்கால். மேலே போயின. ஒவ்வொரு எலும்பாகத் தொட்டு, அழுத்தி, விட்டு. இடுப்பில் நின்றன. அங்கே கட்டைவிரல் நெடுநேரம் இருந்தது.

எழுப்ப வேண்டும். ஒரு சத்தம். ஒரே ஒரு சத்தம். வாழ்நாள் முழுவதும் வாயைத் திறக்காமலே சொன்னது.

திரட்டினார். உதடு வேண்டாம் அதற்கு. நாக்கு வேண்டாம்.

வரவில்லை.

இடது கண்ணில் பார்வையின் ஓரம் கறுத்தது. உள்ளே சுருங்கியது.

அவள் தூக்கம் கலைந்து அசைந்தாள். திரும்பவில்லை. கண்ணைத் திறக்கவும் இல்லை. தன் கையைப் பின்னால் கொண்டுவந்து, இடுப்பின் மேலிருந்த அவர் கையைத் தடவினாள். தடவிக்கொண்டிருந்த அவள் விரல்கள் நின்றன.

"ஏங்க, கை ஏன் இப்படி இருக்கு? ஏங்க… நீங்கதானே?"